கீழ்பென்னாத்தூர் வெயிலுக்கு பயந்து கடலோரம் குடிபோகலாமா? இடம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சித்திரை பிறந்தாலே கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திருவண்ணாமலை பக்கம் ஒரு பேச்சு கிளம்பிடும். "பேசாம பாண்டிச்சேரி பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டு அங்கயே போயிடலாம், காத்தாவது வரும்" என்பதுதான் அது. ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊரில் கொஞ்சம் நிலத்தை விற்றவர்கள் என்று பலர் இந்த யோசனையில் இருக்காங்க. சாலை வழியாகப் பார்த்தால் செஞ்சி, திண்டிவனம் தாண்டி புதுச்சேரி சுமார் 90 கிலோமீட்டர். நேர்கோட்டில் கடல் இன்னும் பக்கம், 80 கிலோமீட்டருக்குள்தான்.

ஆனா இந்த 80 கிலோமீட்டரில் வெயில், தண்ணீர், கரண்ட் பில், வீடு கட்டும் செலவு, புயல் பயம் எல்லாமே மாறிப்போகுது. மனை விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வாழ்நாள் சேமிப்பு மாட்டிக்கொள்ளும். எதை எதைப் பார்க்கணும், விரிவாகப் பார்ப்போம்.

கடலோரம் உண்மையிலேயே குளிர்ச்சியா?

தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால், ஆமாம். மே மாதம் வேலூர், திருவண்ணாமலை போன்ற உள்மாவட்டங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். செஞ்சிக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் இடையில் இருக்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரி அனலாகத் திருப்பித் தரும். கடலோரத்தில் காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் கடல்காற்று கிளம்பிவிடும். அது வந்ததும் வெப்பம் ஏறுவது நின்று, 35, 36-லேயே இறங்க ஆரம்பிக்கும்.

உடம்புக்கு எவ்வளவு சூடு தெரியுது என்பது வேறு கணக்கு. நம் உடம்பு வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழியத்தான் செய்யும். அமெரிக்க வானிலைச் சேவை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டு வாய்ப்பாட்டில் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்தோம். 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 25 சதவீதம், அதாவது ஒரு மே மாத மதியம் நம்ம ஊர் நிலவரம். உடம்புக்குத் தெரிவது சுமார் 41 டிகிரி. 34 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம், அதாவது கடலோர ஊரின் சாயங்காலப் புழுக்கம். உடம்புக்குத் தெரிவது 46 டிகிரிக்கு மேல்!

இந்தக் கணக்கு நிழலில் இருப்பவருக்கு, லேசான காற்று அடிக்கும்போது பொருந்துவது. கடல்காற்று நன்றாக வீசும் இடத்தில் உட்கார்ந்தால் இவ்வளவு தெரியாது. காற்று புகாத, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டிய வீட்டில் நிலைமை அப்படியே இருக்கும். அதனால்தான் கடலோரத்தில் வீடு எந்தத் திசை பார்த்திருக்கு, கிழக்கிலும் தென்கிழக்கிலும் அடைப்பு இருக்கா என்பது உள்ளூரைவிட இங்கே பெரிய விஷயம்.

இந்திய வானிலை ஆய்வு மையமும் இதைக் கணக்கில் எடுக்குது. வெப்ப அலை என்று அறிவிக்க சமவெளிப் பகுதியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும். கடலோர ஊர்களுக்கு 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தாலே போதும். கடலோரத்தில் குறைந்த வெப்பமே அதிகம் வாட்டும் என்பதை அரசுக் கணக்கே ஒப்புக்கொள்ளுது.

இன்னொன்று, கடல்காற்று தினமும் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்தால், கடல்காற்றை உள்ளே விடாமல் தள்ளி நிறுத்தும். அன்றைக்குக் கடலோரமும் நம்ம ஊர் மாதிரி கொதிக்கும். 2003 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடல் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது.

குளிர்காலத்தையும் மறக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் உள்மாவட்டத்தில் விடிகாலை 18 டிகிரி வரை இறங்கும். கடலோரத்தில் 21, 22-க்குக் கீழே போவது அபூர்வம். போர்வை போர்த்தித் தூங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு இழப்புதான்.

கூலரை இங்கேயே விட்டுட்டுப் போங்க

செலவுக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குது. கீழ்பென்னாத்தூரில் பல வீடுகளில் கோடையைத் தாண்டுவது ஏர் கூலரை வைத்துத்தான். தண்ணீர் காயும்போது காற்று குளிரும், அவ்வளவுதான் கூலரின் ரகசியம். 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றை நல்ல கூலர் 27, 28 டிகிரி வரை இறக்கிவிடும். அதே கூலரைக் கடலோரத்தில் ஓடவிட்டால் 30-க்குக் கீழே இறங்காது. மேற்கொண்டு அறைக்குள் ஈரத்தையும் சேர்த்துப் புழுக்கத்தைக் கூட்டும்.

அப்போ ஏசிதான். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி 8 மணி நேரம் ஓடினால், ஸ்டார் ரேட்டிங்கைப் பொறுத்து சுமார் 4 முதல் 8 யூனிட் எடுக்கும். இரண்டு மாதத்துக்கு 240 முதல் 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழ் ஸ்லாப்பில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போயிடும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் இருக்கிற வீட்டில் ஒரு ஏசி சேர்ந்தாலே 500-ஐத் தாண்டுவது சுலபம். கடலோரத்தில் ஏசி தேவைப்படும் காலமும் நீளம். நம்ம ஊரில் ஆடி, ஆவணியில் ஒரு மழை பெய்தால் ராத்திரி குளிர்ந்துவிடும். கடலோரத்தில் புரட்டாசி வரைகூடப் புழுக்கம் இழுக்கும்.

புதுச்சேரி எல்லைக்குள் போனால் மின்துறையே வேறு, பில் மாதாமாதம் வரும், கட்டணத்தை நிர்ணயிப்பதும் வேறு ஆணையம். தமிழ்நாட்டுச் சலுகைகளை நினைத்துக் கணக்குப் போடக் கூடாது. ரேஷன் கார்டு, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு போன்றவையும் அப்படித்தான். பெட்ரோல் விலை குறைவு, ஜிப்மர் மருத்துவமனை பக்கம் என்பதெல்லாம் புதுச்சேரிக்குச் சாதகமான பக்கம். எல்லை எங்கே போகுது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்க. புதுச்சேரியை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. சில இடங்களில் ஒரு தெரு இங்கே, அடுத்த தெரு அங்கே.

தண்ணீர்: தெளிவா இருந்தாலும் உப்பா இருக்கும்

கீழ்பென்னாத்தூரில் போர் போட்டால் பயம் ஒன்றுதான், தண்ணீர் வருமா வராதா. கடலோரத்தில் தண்ணீர் பெரும்பாலும் வந்துவிடும். குடிக்க முடியுமா, குளிக்க முடியுமா, சிமென்டில் கலக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

கடலோர மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் தாங்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் சொல்லும் கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். மேலே 1 மீட்டர் இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் 40 மீட்டர் வரை ஏறி வர வழி உண்டு. நம்ம ஊரில் தண்ணீர் குறைந்தால் 'இன்னும் 100 அடி இறக்கு' என்பது பழக்கம். கடலோரத்தில் அந்தப் புத்தி உப்பில்தான் கொண்டு போய் விடும்.

அதனால் மனை பார்க்கப் போகும்போது ஒரு பாட்டிலை எடுத்துப் போங்க. பக்கத்து வீட்டு போர் தண்ணீரைக் கேட்டு வாங்கி, மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எப்போது எடுக்கிறீங்க என்பதும் முக்கியம். மழை முடிந்த ஜனவரியில் எடுத்தால் நல்ல தண்ணீர் மாதிரிதான் காட்டும். ஜூன் மாதம் எடுத்த தண்ணீர்தான் உண்மை பேசும்.

மரக்காணம் பக்கம் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் உப்பளம் தெரியும். உப்பு விளையும் மண்ணில் மனை விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கேன் தண்ணீர், ஆர்ஓ மெஷின், அதன் ஃபில்டர் என்று மாதச் செலவு தனியாக எழுதிக்கொள்ளணும்.

வீடு கட்டினால் நம்ம ஊர் மேஸ்திரி கணக்கு செல்லாது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படிங்க. கடலோரத்தில் பணம் கரைவது அதிகமும் இதில்தான்.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 இதற்காகவே இடத்தை வகை பிரிக்குது. உள்ளூரில், பாதுகாப்பான சூழலில் எம்20 கான்கிரீட், கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கவர் போதும். கடலோரச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் இடத்தில் எம்30 கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர் வேண்டும். அலைத் துளி வந்து தெறிக்கும் இடமென்றால் 50. அதாவது கம்பியைச் சுற்றி இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து பழகின மேஸ்திரியையே கூட்டிட்டுப் போய்க் கட்டுபவர்கள் நிறைய. ஆள் நம்பிக்கையானவரா இருப்பார், சந்தேகமில்லை. ஆனா அவர் கை 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்குக்குப் பழகின கை. இன்ஜினியர் வரைபடத்தில் எழுதித் தரச் சொல்லி, கம்பி கட்டி முடித்ததும் கவர் பிளாக்கை நீங்களே அளந்து பாருங்க. கான்கிரீட் போட்ட பிறகு யாராலும் பார்க்க முடியாது.

கலவைக்கும் க்யூரிங்குக்கும் உப்பு போர் தண்ணீரைப் பயன்படுத்தினால் எந்தக் கவரும் காப்பாற்றாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே தரம் சொல்லுது. அங்கே நல்ல தண்ணீர் லாரியில் வாங்கணும், அது ஒரு செலவு. கம்பிக்குப் பூச்சு கொடுப்பது இன்னொரு செலவு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடலோரக் கட்டடங்களுக்காகக் கம்பிப் பூச்சு முறையை உருவாக்கியிருக்கு. துருப்பிடிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் கடலை ஒட்டி அதற்கு ஒரு மையமும் உண்டு.

கிரில் கேட், ஜன்னல் கம்பி, பைக், வாஷிங் மெஷினின் அடிப்பக்கம், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாத்துக்கும் ஆயுள் குறையும். கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்தால் இந்தப் பிரச்னை கடுமையாக இருக்கும். உள்ளே தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். கடல்காற்றின் குளிர்ச்சியோ பத்து, இருபது கிலோமீட்டர் உள்ளே வரைகூட வரும், கொஞ்சம் தாமதமாக. கடலோரத்தில் இடம் தேடுபவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு வாங்குபவர் உப்புக்கும் புயலுக்கும் காசு கொடுக்கிறார். 5 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி வாங்குபவருக்குக் காற்று கிட்டத்தட்ட சும்மா கிடைக்குது.

புயல், வெள்ளம்: நம்ம ஊர் தப்பிச்சிடுமா?

புதுச்சேரி, கடலூர் கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கரையைக் கடந்து, பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2020 நவம்பரில் நிவர் மரக்காணம் அருகே வந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடாமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50.

காற்று வேகத்தைக் கணக்கிட்டுக் கட்டடம் கட்டுவதற்கான இந்தியத் தரம், கிழக்குக் கடலோரத்தில் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் வரை புயல் பகுதியாக எடுத்துக்கொள்ளுது. கீழ்பென்னாத்தூர் அந்தப் பட்டைக்கு வெளியே. அதற்காக, உள்மாவட்டம் என்றால் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே ஃபெஞ்சல் உள்ளே நகர்ந்து வந்தபோதுதான், 2024 டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் இறந்தார்கள்.

அந்த மழையில் நடந்த இன்னொரு விஷயம், இடம் தேடுபவர்களுக்கு ரொம்ப முக்கியம். டிசம்பர் 2-ம் தேதி அதிகாலையில் நம்ம மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அது விழுப்புரம் மாவட்டக் கிராமங்களை மூழ்கடித்து, கடலூரில் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. கடலூரில் மழை விட்டு வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும், அது மேலே இருந்து வரும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலைச் சேரும் மாவட்டம் அது. அங்கே மனை பார்க்கும்போது கடல் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால் ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்கணும்.

கடல் நகரும் இடம்

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரையை ஆராய்ந்தது. தமிழ்நாட்டுக் கரையில் 40 சதவீதத்துக்கு மேலும், புதுச்சேரிக் கரையில் பாதிக்கு மேலும் அரிப்புக்கு உள்ளாகியிருப்பது அதில் தெரிந்தது.

அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நம்ம கரையில் ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருது. நடுவில் துறைமுகச் சுவரோ கல் கொட்டிய தடுப்போ வந்தால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் நிலத்தைத் தின்னும். 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கட்டிய பிறகு புதுச்சேரி நகரம் தன் மணல் கடற்கரையை இழந்து கருங்கல் கரையாக நின்றது இதனால்தான். 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. அரிப்பு வடக்கே நகர்ந்து பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி போன்ற மீனவ கிராமங்களில் வீடுகளைக் கொண்டுபோனது. 'கடல் தெரியும் மனை' என்று விளம்பரம் வந்தால் அதற்குத் தெற்கே தடுப்புச் சுவர் ஏதாவது இருக்கா என்று மேப்பில் ஒரு தடவை பாருங்க.

சட்டமும் இருக்கு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட். 2011 அறிவிக்கைப்படி கிராமப் பகுதிகளில் முதல் 200 மீட்டரில் புது வீடு கட்டக் கூடாது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமான கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. அதற்கேற்ற வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை. பட்டா இருக்கு, பத்திரம் பதிவாகும் என்பதால் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று அர்த்தமில்லை. நகர ஊரமைப்புத் துறை ஒப்புதல், வில்லங்கச் சான்று இரண்டையும் பார்ப்பதோடு, சர்வே எண்ணைச் சொல்லி சிஆர்இசட் வரைபடத்திலும் பார்த்துவிடணும்.

சரி, எந்த ஊர்?

கீழ்பென்னாத்தூரில் நிலபுலன், சொந்தபந்தம், தீபத்துக்கு வந்துபோகும் பழக்கம் எல்லாம் இருப்பவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது திண்டிவனம்–புதுச்சேரி சாலையை ஒட்டி இருக்கும் வானூர் வட்டாரம். கிளியனூர், திருச்சிற்றம்பலம் பக்கம். செம்மண் மேடு, கடலிலிருந்து தள்ளி இருக்கு, வெள்ளம் தேங்கும் பயம் குறைவு, ஜிப்மர் பக்கம், இரண்டரை மணி நேரத்துக்குள் ஊர் திரும்பலாம். எங்கள் கணக்கில் இந்தப் பக்கம்தான் முன்னால் நிற்குது. குறை இல்லாமல் இல்லை. ஆரோவில்லை நெருங்க நெருங்க மனை விலை எகிறும், சனி ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் சாலையை அடைக்கும். நிலத்தடி நீரை எல்லோரும் உறிஞ்சுவதால் போர் தண்ணீர் பரிசோதனையை இங்கேயும் விடக் கூடாது.

கடலூர் பக்கம் விருப்பம் இருந்தால் கேப்பர் மலைச் செம்மண் மேட்டைப் பாருங்க, ஆற்றோரத் தாழ்வுகளைத் தவிருங்க. முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கு. அங்கே காற்று, நிலத்தடி நீர் மாசு பற்றிய புகார்கள் பல வருஷங்களாக உள்ளவை. சாயங்காலமும் ராத்திரியும் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மரக்காணம் விலைக்கு ஆசைப்பட்டுப் போகும் இடம். உப்புத் தண்ணீரும் புயலும் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கு.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் வாழ்க்கைச் செலவு குறைவுதான். ஆனா 2004 சுனாமியில் மாநிலத்திலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் புகுந்த இடம். தாழ்வான டெல்டா நிலம். தூத்துக்குடியில் மழை குறைவு, அதனால்தான் உப்பளம் அதிகம். "அங்கே மழையே கிடையாது" என்று சொல்லி விற்பவர்களிடம், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியதை ஞாபகப்படுத்துங்க.

வெறும் தட்பவெப்பத்துக்கு மட்டும் மார்க் போட்டால் கன்னியாகுமரி மாவட்டம்தான் முதல். இரண்டு பருவமழையும் கிடைக்கும், உச்ச வெயில் குறைவு, பசுமை. ஆனா 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு அடுத்து மக்கள் நெருக்கம் அதிகமான மாவட்டம் அதுதான். நிலம் சும்மா கிடைக்காது. 2017-ல் ஒக்கி புயலும் பார்த்த மண். தவிர, கீழ்பென்னாத்தூரில் ஒரு துக்கம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேரும் தூரம் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் வாடகை

தமிழ்நாட்டில் மனை பதியும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023-ல்தான் 4-லிருந்து குறைந்தது. 20 லட்ச ரூபாய் மனைக்கு 1.8 லட்சம் இதிலேயே போகும். பிடிக்கவில்லை என்று இரண்டு வருஷத்தில் விற்றால் அந்தப் பணம் திரும்பாது. அதே 1.8 லட்சத்தை மாதத்துக்குப் பிரித்தால் 15 ஆயிரம். ஒரு வருஷ வாடகைக்கே அது கிட்டத்தட்டப் போதும்!

வீடு வாங்கினாலோ கட்டினாலோ காப்பீடு எடுத்துவிடுங்க. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிரக ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அடங்கும். கடல் அரிப்பால் நிலம் போனால் அதில் பணம் வராது. பாலிசியின் விலக்குப் பகுதியில் அது எழுதியிருக்கும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

வாடகைக்குப் போவதென்றால் அக்டோபரில் தொடங்குவது நல்லது. 11 மாத ஒப்பந்தம் ஆகஸ்டில் முடியும். முதல் மூன்று மாதத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துபோகும், தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்குது, கரண்ட் எத்தனை நாள் கழித்து வருது என்று தெரிந்துவிடும். மே மாதம் புழுக்கத்தில் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்கம் வருதா, பிரஷர், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஒத்துப்போகுதா என்று பார்க்கலாம். ஜூனில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். அந்த 11 மாதமும் கீழ்பென்னாத்தூர் வீட்டை விற்க வேண்டாம், பூட்டியும் வைக்க வேண்டாம், தெரிந்தவர் யாருக்காவது வாடகைக்கு விட்டு வைங்க.